ஒன்றரை வருஷமாக யாரும் என்னைக் குத்தவில்லை

1

இந்த நவம்பரோடு நான் ஸ்வீடனுக்கு வந்து இருபத்தொன்பது வருஷம். ஊருக்குப் போகும்போதெல்லாம் "அங்கே எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். குளிர் உண்டு, பஸ் சொன்ன நேரத்துக்கு வரும், நவம்பரில் மூன்றரை மணிக்கே இருட்டிவிடும் என்று மூன்று வாக்கியம் சொல்லித் தப்பித்துக்கொள்வேன். இந்தத் தடவை ஒழுங்காகப் பதில் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். தோன்றும்போது எண் போட்டு எழுதிக்கொண்டே போவேன். ஊரில் ஏதாவது பத்திரிகை போட்டால் போடட்டும். போடாவிட்டால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

என் பெயர் தாணு. முழுப்பெயர் தாணுமாலயன் என்று சொன்னால் இங்கே ஒருவர் வாயிலும் நுழையாது. நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் போன குடும்பம். அப்பாவுக்குச் சாலைக் கம்போளக் கடைத்தெருவில் பாத்திரக் கடை. மனைவி போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகிறது. ஒரே மகள் உமா ஸ்டாக்ஹோமில். கோத்தன்பர்க்குக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில் எனக்கு ஒரு மரவீடு, ஒரு கார், ஒரு ஆட்டம். இந்த மூன்றும் இருக்கிறவரை நான் யார் தயவிலும் இல்லை.

ஆட்டத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதில் எனக்கு எதிராக ஏதோ நடக்கிறது.

2

பழைய ஐரோப்பா வரைபடம் ஒன்று. ஏழு வல்லரசு, ஏழு ஆள். தாயக்கட்டை கிடையாது, சீட்டு கிடையாது, அதிர்ஷ்டம் என்ற பேச்சே கிடையாது. ஒவ்வொரு தடவையும் எந்தப் படை எங்கே போக வேண்டும் என்று ஆளாளுக்கு ரகசியமாக 'ஆர்டர்' எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிரிப்பார்கள். தனியாக யாரும் ஓர் ஊரைக்கூடப் பிடிக்க முடியாது, பக்கத்துக்காரன் கை கொடுக்க வேண்டும். அதனால் பேச வேண்டும், வாக்குக் கொடுக்க வேண்டும், நேரம் பார்த்து வாக்கை மீற வேண்டும். மீறுவதற்கு எங்கள் கோஷ்டியில் 'குத்து' என்று பெயர். முப்பத்துநான்கு ஊர்களில் பதினெட்டைப் பிடித்தவன் ஜெயித்தான்.

கல்லூரியில் படிக்கும்போது யாரோ ஒருவனின் கப்பல்கார மாமா கொண்டுவந்த ஆட்டம் இது. திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு லாட்ஜ் அறையில், காலண்டர் பின்பக்கத்தில் வரைந்த படத்தை வைத்து விளையாடுவோம். நடுவர் ஜெஸ்ஸி. வீட்டில் ஒன்பது மணிக்குள் வரச் சொல்வார்கள் என்பதால் அவளுக்கு நாடு கிடையாது, நடுவர் வேலை. ஒரு கமா தப்பாக இருந்தாலும் "ஆர்டர் செல்லாது" என்று கிழித்துப் போடுவாள். அழுதாலும் மாற்றமாட்டாள். பிறகு புள்ளியியல் அலுவலகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனாள் என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஒரு வழக்கம் உண்டு. குத்தியவன் குத்துப்பட்டவனுக்கு லாட்ஜுக்குக் கீழே டீக்கடையில் பழம்பொரி வாங்கித் தர வேண்டும். நேந்திரம்பழத்தை மாவில் முக்கிப் பொரித்தது, சுடச்சுட. வாயில் அதை வைத்துக்கொண்டு எப்படி ஒருத்தனை வைவது? அதுதான் சூட்சுமம். இப்போது மஸ்கட், புனே, திருவனந்தபுரம், ஸ்வீடன் என்று சிதறிப் போனபின் ஆட்டம் மின்னஞ்சலில் நடக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஆர்டர், ஞாயிற்றுக்கிழமை முடிவு. குத்தியவன் பழம்பொரிப் படம் அனுப்புவான். அதைத் தின்றுகொண்டே படம் எடுத்து அனுப்புகிற அயோக்கியனும் உண்டு. அவன்தான் ஹரி.

இந்த ஆட்டத்தில் நான் துருக்கி. என் கையில் பதினாறு ஊர். இன்னும் இரண்டு வந்தால் ஜெயம். இப்படி ஒருத்தன் உச்சியில் நின்றால் மற்ற ஆறு பேரும் சேர்ந்து அவனைப் பிய்த்துத் தின்ன வேண்டும். எந்த முட்டாளும் அதைத்தான் செய்வான். ஆனால் ஒன்றரை வருஷமாக எனக்கு ஒரு பழம்பொரிப் படம் வரவில்லை. பதினேழாவது ஊரைத் தொடப் போனால் யாரோ மெதுவாகத் தடுக்கிறார்கள். பதினைந்துக்கு இறக்கவும் யாரும் வருவதில்லை. கடிதங்களில் எல்லோரும் ரொம்ப மரியாதை. "உடம்பு எப்படி?", "சாப்பிட்டியா?", "அங்கே குளிர் ஜாஸ்தியோ?" ஆறு வல்லரசும் என் சாப்பாட்டைப் பற்றி விசாரிக்கின்றன.

முதலில் பயந்துவிட்டார்கள் என்று பெருமைப்பட்டேன். இப்போது எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

3

இந்த ஊர் நகராட்சி ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே விறகு அடுப்பு உள்ள வீட்டில் புகைபோக்கியைச் சுத்தம் பண்ண அவர்களே ஆள் அனுப்புவார்கள். இன்ன நாள் வருகிறோம் என்று முன்னாலேயே கடிதம் வரும். வீட்டில் ஆள் இருக்க வேண்டும். "மூன்று தடவை வந்தோம், கதவு பூட்டியிருந்தது" என்று போன வாரம் ஒரு காகிதம் வந்தது. முந்தைய கடிதம் ஒன்றுமே எனக்கு வரவில்லை. விடுவேனா? காரசாரமாகப் புகார் எழுதினேன். பணிவாகப் பதில் வந்தது, என் புகாரின் நகலோடு. ஒரு நகல் இல்லை, இரண்டு நகல், இரண்டு வேறு தேதி முத்திரை. ஒரே கடிதத்தை இரண்டு தடவை பதிவு செய்து வைத்திருக்கிறார்கள்! இதற்குத்தான் கணினி, இதற்குத்தான் வரி.

பாஷையும் இந்த வயதில் வேலையைக் காட்டுகிறது. ரொட்டிக் கடையில் நின்றுகொண்டு ஏலக்காய் பன் கேட்க வேண்டும். இருபத்தொன்பது வருஷமாகக் கேட்கிற வார்த்தை. வாயில் வரவில்லை. கடைசியில் மலையாளத்தில் கேட்டேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சரியாக அதையே எடுத்துக் கொடுத்தாள். தினம் அதைத்தானே வாங்குகிறேன்.

உமா ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். பள்ளிக்கூடம் போகிறவரை தமிழில்தான் பேசினாள். பிறகு எனக்கும் அவளுக்கும் ஸ்வீடிஷ்தான். நான் நகராட்சிக் கதையைச் சொல்லத் தொடங்கினால் "அதை நேற்றே சொல்லிவிட்டீர்கள், அப்பா" என்கிறாள். ஞாயிறு மட்டும் போன் செய்கிறவள் நேற்று எப்படிக் கேட்டிருப்பாள்? அப்பன் பேச்சைக் கேட்கப் பொறுமையில்லை, அவ்வளவுதான். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. போனை வைத்துவிட்டேன்.

4

டிசம்பர். எனக்கு எதிராக நடக்கிற சதி எதுவென்று கண்டுபிடித்துவிட்டேன். அது சதியே இல்லை, அதைவிடக் கெட்டது.

ஹரிஹரனை விவரமாகச் சொல்லவில்லை. வலியசாலை அக்ரஹாரத்துப் பையன், ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்து இருக்கை. கணக்கில் புலி. என் கல்யாணத்துக்கு எனக்கு முன்னால் மண்டபத்துக்கு வந்தவன். மனைவி பெயர் லலிதா. இந்த ஆட்டத்தில் அவன் ஆஸ்திரியா, எனக்கு நேர் பக்கத்து நாடு. நாற்பது வருஷத்தில் அவன் என்னைக் குத்தாத ஆட்டம் கிடையாது.

போன தடவை அவன் எழுதியது இது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவான், நான் மாற்றித் தருகிறேன்: "நீ சொன்ன மாதிரியே கிரீஸை உன்கிட்டேயே விட்டுட்டேன், கேட்டியா? படையைப் பின்னாலே எடுத்தாச்சு." கிரீஸை விடு என்று நான் எப்போது சொன்னேன்? சொல்லவே இல்லை. அதற்கு முந்தின தடவை, "ருமேனியாவுக்கு நீ கேட்ட உதவியைப் பண்ணிட்டேன்." நான் கேட்கவில்லை. முடிவைப் பார்த்தால் உண்மையிலேயே பண்ணியிருக்கிறான். என் படைகளும் நான் எழுதாத இடத்தில் நிற்கின்றன. ஜெஸ்ஸிக்கு எழுதிக் கேட்டேன். "உன் ஆர்டர்படிதான் எல்லாம் நடக்கிறது" என்று ஒரு வரி.

பொய் சொல்கிறவன் தனக்கு ஆதாயமாகச் சொல்வான். ஹரி எனக்கு ஆதாயமாக உளறுகிறான். ஒரு நாள் பூரா யோசித்தேன். ஒரே விடைதான் வந்தது. ஹரிக்கு மறதி வந்திருக்கிறது. நடக்காத பேச்சை நடந்ததாக நினைக்கிறான். மற்றவர்கள் அதைத் தந்திரம் என்று நினைத்துச் சும்மா இருக்கிறார்கள். எங்கள் ஆட்டத்தில் யார் என்ன உளறினாலும் தந்திரம் என்றுதானே எடுத்துக்கொள்வோம்? புத்தி கலங்கினவன் ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது.

லலிதாவுக்குத் தெரியுமா? தெரிந்தாலும் வெளியில் சொல்வாளா? அந்தப் பெரிய பழைய வீட்டில் இரண்டே பேர். ஹரிக்கு ஒன்று என்றால் எனக்கு உலகத்தில் 'டா' போட்டுக் கூப்பிட ஆள் இல்லை. ஜனவரிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஒருத்தரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தயாராகிவிடுவான், தயாராகாத ஹரியை நான் பார்க்க வேண்டும்.

5

தம்பானூரில் அதே லாட்ஜ். மாடிப்படிக்கு டைல்ஸ் போட்டிருக்கிறார்கள், மற்றபடி மாற்றமில்லை. பெட்டியை வைத்துவிட்டுக் காலையிலேயே ஆட்டோ பிடித்து வலியசாலைக்குப் போனேன். கோயில் முக்கில் இறங்கி ஹரி வீட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு நடந்துவிடுவேன். வாசலில் கோலம் போட்டு முடித்திருந்தது. மணியை அடித்தேன்.

கதவைத் திறந்த அம்மாளை எனக்குத் தெரியவில்லை. "யாரு வேணும்?" என்றாள்.

"ஹரி இல்லையா? ஹரிஹரன்?"

"ஹரிஹரன் சாரா? அவா இங்கே இல்லையே. ஊருக்கு வெளியிலே, கழக்கூட்டத்துலே ஃபிளாட் வாங்கிண்டு போயாச்சு. ரெண்டு வருஷம் ஆச்சு, அல்லே?" என்று உள்ளே பார்த்துக் கேட்டாள். உள்ளேயிருந்து ஒரு ஆண்குரல் "ரெண்டரை" என்றது.

நான் படியில் அப்படியே நின்றேன். அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க போன வருஷமும் வந்தேள் இல்லையா? தாளிலே அட்ரஸ் எழுதித் தந்தேனே" என்றாள்.

"நான் ஸ்வீடன்ல இருக்கேன்மா. போன வருஷம் நான் வரவே இல்ல. நீங்க வேற யாரையோ சொல்லுதீங்க."

"ஓ, அப்படியா," என்றாள். வாதாடவில்லை. மறுபடியும் ஒரு தாளில் அட்ரஸ் எழுதித் தந்தாள்.

வழி பூரா எனக்கு ஆத்திரம். இரண்டரை வருஷம்! வீடு மாறியதை என்னிடம் சொல்லவில்லை! அவனுக்கு மறதி வந்தது வந்திருக்கட்டும், லலிதாவுக்கு என்ன வந்தது? நெடுஞ்சாலையில் ஆட்டோ நகரவில்லை. ஐ.டி. கம்பெனி பஸ்களும் அடையாள அட்டை மாட்டிய பிள்ளைகளும் சாலையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். டிரைவர் மலையாளத்தில் ஏதோ சமாதானம் சொன்னார். நான் ஸ்வீடிஷில் பதில் சொன்னேன் போலிருக்கிறது, திரும்பிப் பார்த்தார்.

6

ஒன்பதாவது மாடி. லலிதாதான் கதவைத் திறந்தாள். "ஈஸ்வரா! தாணுவா? வாங்கோ, வாங்கோ. எப்போ வந்தேள்?"

பின்னால் ஹரி வந்தான். முடி இன்னும் வெளுத்திருந்தது, கண் தெளிவாகத்தான் இருந்தது. "எந்தாடா இது! ஒரு போன் பண்ணியிருந்தா ஏர்போர்ட்டுக்கு வந்திருப்பேனே."

"எந்த வீட்டுலேர்ந்து வருவே ஓய்?" என்று பிடித்துக்கொண்டேன். "வீடு மாறினத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலியா ஒனக்கு? வலியசாலையில போயி அன்னியன் வாசல்ல நின்னுட்டு வாறேன் லேய்!"

ஹரி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தான். லலிதா அவனைப் பார்த்தாள். சரி, வெட்கப்படுகிறான் என்று நினைத்துக் குரலைத் தணித்துக்கொண்டேன். எனக்கு அவன்மேல் கோபம் இல்லை, பாவமாகத்தான் இருந்தது.

"ஹரி, இங்க பாரு. நீ மறந்துட்டே. பரவால்ல. அதுக்குத்தான் நான் வந்ததே. ஒன் கடுதாசியெல்லாம் பார்த்துட்டுத்தான் வந்திருக்கேன். டாக்டர்கிட்ட போவம். நான் கூட வாறேன்."

"உக்காருடா," என்றான் ஹரி. பிறகு லலிதாவிடம், "அந்த உருளியை எடுத்துண்டு வா" என்றான்.

வெண்கல உருளி. நல்ல கனம். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்ததைத் துடைத்துக்கொண்டே லலிதா கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். நான் பாத்திரக் கடைப் பிள்ளை. மடியில் விழுந்ததும் கை தானாக விளிம்பைத் தடவிப் பெயரைத் தேடும். எங்கள் கடையில் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டித் தருவோம். சின்ன உளி, சின்னச் சுத்தியல், ஒவ்வொரு புள்ளியாகத் தட்டி எழுத்தாக்க வேண்டும். பன்னிரண்டு வயதிலிருந்து அது என் வேலை. என் 'ணு' மட்டும் வால் கோணிக்கொண்டு கீழே இறங்கும். அப்பா அதற்கு எத்தனையோ தடவை தலையில் குட்டியிருக்கிறார்.

விளிம்பில் இருந்தது: 'ஹரி, லலிதா புது வீட்டுக்கு. தாணு.' வால் கோணிய ணு. கீழே தேதி, இரண்டரை வருஷத்துக்கு முந்தையது.

என் கை. சந்தேகமே இல்லை. உலகத்தில் வேறு யாரும் அந்த எழுத்தை அப்படிக் கெடுக்க முடியாது.

"கடையை இப்போ நடத்தற உங்க சித்தப்பா பையன்கிட்டே உளி வாங்கி நீங்களே உக்காந்து வெட்டினேள்," என்றாள் லலிதா மெதுவாக. "பால் காய்ச்சறச்சே பக்கத்துலே நின்னது நீங்கதான். பொங்கி வழிஞ்சு கை பொள்ளிப் போச்சு. நான்தான் மஞ்சள் வெச்சேன்."

வலது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். வெளுத்த ஒரு தழும்பு. அது ஸ்வீடனில் விறகு அடுப்பில் பட்டது என்று நான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

7

காப்பி வந்தது, ஆறியது. ஹரி ஒவ்வொன்றாகச் சொன்னான்.

போன வருஷத்துக்கு முந்தின ஓணத்துக்குக் கொஞ்சம் முன்னால், மூழ்கிப்போன ஒரு கப்பலுக்கு நான் ஆர்டர் எழுதியிருக்கிறேன். ஜெஸ்ஸி கவனக்குறைவு என்று செல்லாததாக்கினாள். அடுத்த தடவையும் அதே கப்பல். அதற்கு அடுத்த தடவை ஒரே ஆர்டர் நான்கு தடவை வந்திருக்கிறது. ஜெஸ்ஸி அன்றைக்கு ஹரியைக் கூப்பிட்டு அழுதாளாம். பிறகு ஆறு பேருக்கும் எழுதினாள். ஆறு பேரும் ஒத்துக்கொண்டார்கள். என் ஆர்டர் தப்பாக இருந்தால் ஜெஸ்ஸி சரிபண்ணுவாள். அதற்குத் தகுந்தபடி ஹரி படையை நகர்த்துவான். யாரும் தாணுவைத் தொடக்கூடாது.

"ஜெஸ்ஸியா?" என்றேன். "கமாவுக்குக் கிழிச்சுப் போடுதவளா?"

"அவளேதான். முதல்லே அவதான் சொன்னா."

நாற்பது வருஷத்தில் எங்கள் கோஷ்டியில் ஆறு பேர் ஓர் உடன்படிக்கையை ஒரு மாதம் காப்பாற்றியதில்லை. இதை ஒன்றரை வருஷம் காப்பாற்றியிருக்கிறார்கள். எனக்கு வந்த அவமானத்தைச் சொல்ல வார்த்தையில்லை. பிள்ளையை ஓட்டப்பந்தயத்தில் ஜெயிக்க விடுவார்களே, அதுபோல. உருளியைத் தூக்கி எறியலாமா என்று வந்தது. எறியவில்லை, கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"அப்புறம் ஏன்டா பதினாறுல நிறுத்தி வெச்சீங்க? ஜெயிக்க விட்டுத் தொலைச்சிருக்கலாம்லா?"

"ஜெயிச்சா ஆட்டம் முடிஞ்சுடும்," என்றான் ஹரி. "மூணு வாரத்துக்கு ஒருக்கா நீ எழுதறே. எழுதினா நீ இருக்கேன்னு அர்த்தம். ஆட்டம் முடிஞ்சா அந்தப் பனிக்காட்டுலேர்ந்து நீ யாருக்கு எழுதுவே?"

உருளியை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தேன்.

"இனி முடியாது, தாணு. கார் ஓட்டறே. அடுப்பு பத்த வெக்கறே. உமாகிட்டே சொல்லணும். நீ சொல்லு. நீ சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

"சொன்னா காரப் புடுங்கிருவாங்க. வீட்ட வித்துட்டு எங்கியாவது கொண்டு அடைச்சிருவாங்க."

"அது உமாவும் நீயும் பேசிக்க வேண்டியது. சொல்லாம இருக்க நான் சம்மதிக்க மாட்டேன், கேட்டியா."

ஆறின காப்பியை ஒரே மடக்கில் குடித்தேன். பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வழியில் பேசினேன். பேரம்.

"சரி. உமாகிட்ட சொல்லுதேன். ஆனா ஒண்ணு. இன்னைலேர்ந்து எவனும் எனக்குப் பாவம் பார்க்கப்படாது. ஜெஸ்ஸி எம் ஆர்டர்ல கை வெக்கப்படாது. தப்பா இருந்தா கிழிச்சுப் போடட்டும். நீ என்னைக் குத்தணும். நெசமாட்டு."

"ஆட்டம் சீக்கிரம் முடிஞ்சு போகும்டா."

"முடியட்டும். அடுத்த ஆட்டம் தொடங்குவம். எனக்கு எழுத ஆள் இருக்கணும், அம்புட்டுத்தானே? என்ன எழுதினா ஒனக்கென்ன?"

ஹரி கையை நீட்டினான். எங்கள் ஆட்டத்தில் எழுதி வாங்குகிற வழக்கமில்லை, வாய்வார்த்தைதான். அன்று லலிதா புளிசேரியும் பயறு மெழுக்குப்புரட்டியும் வைத்துச் சாப்பாடு போட்டாள். நான் வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் லாட்ஜுக்குத் திரும்பியதும், ஐந்தாம் எண்ணிலிருந்து இதுவரை உட்கார்ந்த வாக்கில் எழுதிவிட்டேன். நாளைக்கு வைத்தால் என்ன மிஞ்சும் என்று எனக்கே தெரியாது.

8

உமாவிடம் சொன்னேன். ஊரிலிருந்து திரும்பிய அன்றைக்கே. முதலில் ஸ்வீடிஷில் இரண்டு கேள்வி கேட்டாள். பிறகு, "அப்பா, நான் சனிக்கிழமை வர்றேன்," என்றாள். தமிழில். இருபது வருஷத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முழுத் தமிழ் வாக்கியம் அது. உச்சரிப்பு கொஞ்சம் இடறியது. நான் திருத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் கடிகாரம் வரையச் சொன்னாள், ஐந்து வார்த்தை சொல்லிக் கொஞ்சம் கழித்துத் திருப்பிக் கேட்டாள். இரண்டு வந்தது. எனக்கு ரோஷம் தாங்கவில்லை. ஆட்டத்தின் முப்பத்துநான்கு ஊரையும் மூச்சு விடாமல் ஒப்பித்துக் காட்டினேன். அவள் அழகாகச் சிரித்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டாள். இன்னும் இரண்டு பரிசோதனை பாக்கியாம். வீடு இப்போதைக்கு இருக்கிறது. கார் சாவி உமாவின் பையில்.

புகைபோக்கிக்காரர் வந்துபோனார். உமாதான் வீட்டில் இருந்து திறந்துவிட்டாள்.

9

கடைசியாக ஒன்று எழுத வேண்டும். ஹரி என்னைக் குத்திவிட்டான்.

நேற்று ஞாயிறு, முடிவு வந்தது. பல்கேரியா போயிற்று, கிரீஸ் போயிற்று. எனக்குக் கை கொடுப்பதாக எழுதிய அதே படையை என் முதுகில் திருப்பியிருக்கிறான். என் இரண்டு ஆர்டரை ஜெஸ்ஸி செல்லாது என்று தள்ளியிருக்கிறாள், தயவு தாட்சண்யம் இல்லாமல். பதினாறு பதினான்காகிவிட்டது. சண்டாளன்! போன மாதம்தான் அவன் வீட்டில் உட்கார்ந்து புளிசேரி சாப்பிட்டேன். அப்போதே இதை மனசில் வைத்துக்கொண்டுதானே பரிமாறச் சொல்லியிருப்பான்? ஆறாம் வகுப்பிலிருந்து பழகின சிநேகத்துக்கு இதுவா மரியாதை? தனியாகக் கிடக்கிறவனைப் போய்க் குத்த அவனுக்கு எப்படி மனசு வந்தது? வாய்க்கு வந்தபடி திட்டி ஒரு கடிதம் அடித்து வைத்தேன். அனுப்புவதற்கு முன் இதையும் இந்தக் குறிப்பில் சேர்த்து, ஊரில் எல்லோரும் அவன் யோக்கியதையைத் தெரிந்துகொள்ளட்டும் என்று இந்தக் கோப்பைத் திறந்தேன்.

மேலே ஏழாம் எண்ணைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன்.

எழுதியது நான்தான், நடை என்னுடையதுதான். 'நீ என்னைக் குத்தணும்' என்று சொன்னது துளிகூட ஞாபகத்தில் இல்லை. புளிசேரியின் புளிப்பு நாக்கில் இருக்கிறது, இது இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தேன். பயம் என்றால் இன்னது என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன்.

அடித்து வைத்த கடிதத்தை அழித்தேன். அப்புறம் ஒரு சந்தேகம் வந்தது. அனுப்பிய கடிதங்கள் இருக்கிற பெட்டியைத் திறந்தேன். அங்கே அதே கடிதம் இருந்தது. நேற்று மத்தியானம் ஒன்று, இன்று காலையில் ஒன்று. 'சண்டாளன்' உட்பட சொல்லுக்குச் சொல் ஒன்றுதான். நான் அழித்தது மூன்றாவது.

ஹரி இரண்டுக்கும் பதில் எழுதியிருக்கிறான். முதல் பதிலில், "போடா பாத்திரக்கடை, துருக்கியை ஆளத் தெரியலைன்னா பித்தளைச் சொம்புக்குப் பேர் வெட்டப் போ" என்று இருக்கிறது. இரண்டாவதில் அது இல்லை. புதிதாக உட்கார்ந்து யோசித்து வேறு வசவு எழுதியிருக்கிறான், இன்னும் கேவலமாக. இரண்டிலும் பழம்பொரிப் படம் இருக்கிறது. முதலாவதில் முழுசு, இரண்டாவதில் பாதி கடித்தது.